கி.பி. 40 முதல் 313 வரை: திருச்சபை எவ்வளவு வேகமாக வளர்ந்தது? எந்தச் சான்றை நம்பலாம்?

#1 ஏட்டுப்பெட்டி

தொடக்கத் திருச்சபையின் வளர்ச்சி பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகை. பெந்தெகொஸ்தே நாளில் 3,000 பேர், அடுத்து 5,000 பேர், அப்படியே உலகமெல்லாம் பரவியது என்பது ஒரு வகை. கான்ஸ்டன்டைன் ஆணை போட்டதும் பேரரசே மாறிவிட்டது என்பது இன்னொரு வகை. நடுவில் உள்ள 270 ஆண்டுகளை இரண்டு தரப்புமே விழுங்கிவிடுகிறது. அந்த நடுப்பகுதிக்குத்தான் இந்த இழை.

மூன்று கேள்விகள். எண்ணிக்கையை எதை வைத்துப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது? புதிதாக ஒருவர் சேர வந்தால் நடைமுறை என்ன? துன்புறுத்தலால் சபை வளர்ந்ததா, தேய்ந்ததா?

மூன்றாவதற்கு "இரத்தசாட்சிகளின் இரத்தமே வித்து" என்ற வரியைப் பதிலாகத் தர வேண்டாம். வட ஆப்பிரிக்கக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தக் கருத்தை எழுதியது 197 வாக்கில். பேரரசு முழுவதும் நடந்த துன்புறுத்தல்கள் எல்லாம் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் வந்தன.

#2 வட்டிக்கணக்கு

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் கையாளும் கணக்கு 1990களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஒருவர் போட்டது. கி.பி. 40இல் 1,000 பேர். பத்தாண்டுக்கு 40 சதவீதம் கூடுகிறார்கள். கூட்டு வட்டி மாதிரி ஓடவிட்டால் வருவது:

100ஆம் ஆண்டு: 7,530
200: 2.18 லட்சம்
250: 11.7 லட்சம்
300: 63 லட்சம்
350: 3.39 கோடி

பேரரசின் மக்கள்தொகையை 6 கோடி என்று வைத்தால் 300இல் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், 350இல் பாதிக்கு மேல். 40 சதவீதம் என்றால் மலைப்பாக இருக்கும், ஆண்டுக்கு 3.4 சதவீதம்தான். 100 பேர் உள்ள ஒரு குழுவில் பிறப்பும் இறப்பும் ஈடாகிவிட்டால், ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் வெளியிலிருந்து வந்தால் போதும். கூட்டம் கூட்டமாக மனமாற்றம் தேவையில்லை என்று காட்டியதுதான் இந்தக் கணக்கின் பெருமை.

ஆனால் இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லாதீர்கள். 300இல் 50 முதல் 75 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்ற ஊகத்தை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் விகிதத்தைப் பின்னாலிருந்து எடுத்தார்கள். விகிதத்தைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள்: 30 சதவீதம் என்றால் 300இல் 9.2 லட்சம், 50 சதவீதம் என்றால் 3.8 கோடி. ஒன்று பேரரசில் ஒன்றரை சதவீதம், மற்றது அறுபது சதவீதத்துக்கும் மேல். இரண்டுமே நடக்காதவை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பத்துப் புள்ளி இப்படியும் அப்படியும் போனால் வரலாறே மாறிவிடுகிறது பாருங்கள். அதே 40 சதவீதத்தை 400 வரை ஓட்டினால் 18 கோடி வரும். பேரரசில் அவ்வளவு ஆளே இல்லை. எங்கோ ஓரிடத்தில் கோடு வளைந்தாக வேண்டும், எங்கே வளைந்தது என்று சொல்ல இந்தக் கணக்கால் முடியாது.

#3 பாளைவாசகர்

1,000 பேர் என்று தொடங்குவதே தவறு இல்லையா? அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் 3,000, 4ஆம் அதிகாரத்தில் 5,000, 21:20இல் யூதருக்குள் விசுவாசிகள் எத்தனையோ ஆயிரம் பேர் என்று யாக்கோபே சொல்கிறார். லூக்கா எழுதியதை ஏன் ஒதுக்க வேண்டும்?

#4 வட்டிக்கணக்கு

ஒதுக்க வேண்டாம் ஐயா. அதே லூக்கா 1:15இல் 120 பேர் என்கிறார், அதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2ஆம் அதிகாரத்துக் கூட்டம் பார்த்தியா, மேதியா, எகிப்து, ரோம் என்று பல நாடுகளிலிருந்து பண்டிகைக்கு வந்தவர்கள். பண்டிகை முடிந்து எத்தனை பேர் எருசலேமில் தங்கினார்கள், ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேர் அங்கே குழுவாகக் கூடினார்கள் என்பது தனிக் கேள்வி.

சரி, 3,000 என்றே தொடங்குங்கள். 300இல் 1.89 கோடி வரும், பேரரசில் மூன்றில் ஒருவர். அது கூடுதல் என்று பட்டால் விகிதத்தைக் குறைக்க வேண்டும். தொடக்க எண்ணை மும்மடங்காக்கினால் முடிவு மும்மடங்குதான் ஆகிறது. விகிதத்தைப் பத்துப் புள்ளி கூட்டினால் ஆறு மடங்காகிறது. சண்டை போட வேண்டிய இடம் விகிதம்தான்.

#5 பாப்பிரஸ்

வட்டிக்கணக்கு சொன்னதற்கு மேல் ஒரு படி. ஏட்டில் இருக்கும் உண்மையான தலைக்கணக்கு மிகக் குறைவு. அதில் தலையாயது ரோம் ஆயர் கொர்னேலியுஸ் 251இல் அந்தியோக்கியாவின் ஃபேபியஸுக்கு எழுதிய கடிதம். நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தன் வரலாற்றில் அதை எடுத்தெழுதியிருக்கிறார். ரோம் நகரில் அப்போது:

ஆயர் 1
மூப்பர் 46
டீக்கன் 7
துணை டீக்கன் 7
அக்கோலித்து (வழிபாட்டு உதவியாளர்) 42
பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் சேர்த்து 52
சபை சோறு போடும் கைம்பெண்களும் ஏழைகளும் 1,500க்கு மேல்

இதிலிருந்து மொத்த எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள்? 18ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் கிப்பன் ஒரு வழி பிடித்தார். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியாவில் ஒரு லட்சம் கிறித்தவர், சபையின் பட்டியலில் கைம்பெண்களும் கன்னியரும் 3,000 என்று யோவான் கிறிசோஸ்தோமின் மறையுரைகளில் வருகிறது. நூற்றுக்கு மூன்று. அதே விகிதத்தை ரோமின் 1,500க்குப் போட்டால் 50,000. ரோமின் மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் 5 சதவீதம். பிறகு வந்த ஆய்வாளர்களில் 30,000 என்று குறைத்தவர்களும் உண்டு.

ஓட்டை எங்கே என்றால், அந்தியோக்கியா எண் 130 ஆண்டு பிந்தியது. அதற்குள் சபைக்கு அரசு மானியம், நிலபுலன் எல்லாம் வந்துவிட்டன. 251இன் சபை கைப்பணத்தில் ஓடியது. அதனால் 1,500 பேருக்குச் சோறு போட அதற்குப் பின்னால் இன்னும் பெரிய கூட்டம் இருந்திருக்க வேண்டும் என்றும் வாதிடலாம். ரோம் சபையில் பணக்காரர் கூடுதல், சிறிய கூட்டமே போதும் என்றும் வாதிடலாம். 144இல் மாற்றுப் போதகர் மார்சியனை வெளியேற்றியபோது அவர் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸை (ரோமானிய நாணயம்) திருப்பிக் கொடுத்த சபை அது.

ஆயர்களின் எண்ணிக்கை இன்னொரு அளவுகோல். வட ஆப்பிரிக்காவில் 220 வாக்கில் கூடிய சங்கத்துக்கு 70 ஆயர், 256 செப்டம்பரில் கார்த்தேஜில் வாக்களித்தவர் 87, 411இல் அதே நகரில் கத்தோலிக்கரும் அவர்களிடமிருந்து பிரிந்த தொனாத்தியரும் மோதியபோது பக்கத்துக்கு ஏறத்தாழ 280. ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இதை எகிப்தோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் சின்னஞ்சிறு ஊருக்கும் ஆயர் உண்டு. எகிப்து, லிபியா இரண்டுக்கும் சேர்த்தே நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறு பேர்தான், அங்கே எல்லாம் அலெக்சாந்திரியாவின் பிடியில் இருந்தது.

#6 தெருவோரம்

விலகிப் போனவர்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லையே? வந்தவர் கணக்கு மட்டும் எழுதினால் எப்படி?

#7 பாப்பிரஸ்

அதற்கு நல்ல சான்று பிளினி. 112 வாக்கில் சின்ன ஆசியாவின் பித்தினியா-பொந்துவில் ஆளுநராக இருந்தபடி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், விசாரணைக்கு வந்த சிலர் "முன்பு கிறித்தவர், இப்போது இல்லை" என்றார்களாம். மூன்று ஆண்டுக்கு முன் விட்டவர்கள், அதற்கும் முன் விட்டவர்கள், 20 ஆண்டுக்கு முன்பே விட்டவர்கள்கூட இருந்தார்கள். அப்படியானால் 90களிலேயே அந்த வட்டாரத்தில் சேர்ந்தவரும் உண்டு, கைவிட்டவரும் உண்டு. ஆண்டுக்கு 3.4 சதவீதம் என்பது விலகியோர் போக மிஞ்சிய நிகரம். உள்ளே வந்தவர் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

அதே கடிதத்தில் கோயில்கள் வெறிச்சோடியிருந்தன, பலி இறைச்சி வாங்க ஆளில்லை, நகரம் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் இது பரவிவிட்டது என்றும் இருக்கிறது. இந்த வரிகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் நடவடிக்கை எடுத்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று மன்னனிடம் சொல்லப்போகும் அதிகாரி, முன்பிருந்த நிலையைக் குறைத்தா எழுதுவார்? டிராஜனின் பதில் சுருக்கம்: தேடிப் பிடிக்காதே, யாராவது குற்றம் சாட்டி நிரூபித்தால் தண்டி, மறுதலித்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே. அடுத்த 130 ஆண்டுகளுக்கு நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

#8 மறைக்கல்வி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சேர்க்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியது, இடத்துக்கு இடமும் மாறியது. முதல் நூற்றாண்டின் முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ சிரியப் பக்கம் எழுந்ததாகக் கருதப்படும் டிடாக்கே என்ற சபை விதிநூலில் திருமுழுக்குக்கான விதி ஏழெட்டு வரிதான். ஓடும் நீரில் கொடு. ஓடும் நீர் இல்லையா, வேறு நீர். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர். இரண்டும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. கொடுப்பவரும் பெறுபவரும் நோன்பிருக்க வேண்டும், பெறுபவர் ஒரு நாளோ இரண்டு நாளோ. அவ்வளவே. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊருக்கும் ஒத்துவரும் விதி இது.

அதே நூலில் ஊர் ஊராகப் போகும் போதகர்களுக்கும் விதி உண்டு. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. கிளம்பும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும் வரைக்கான அப்பம் மட்டும் கொடு, பணம் கேட்டால் போலி. தங்கிவிட விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும், தொழில் தெரியாவிட்டால் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், சும்மா மட்டும் இருக்கக் கூடாது. இப்படி விதி எழுதினார்கள் என்றால் அதற்கு முன் எத்தனை பேர் ஏய்த்துத் தின்றிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் இது முற்றிலும் மாறிவிடுகிறது. இப்போலித்துவின் பெயரில் வழங்கும் 'அப்போஸ்தல மரபு' என்ற நூலில் (யார் எழுதியது, எந்தப் பகுதி எந்தக் காலம் என்ற தகராறு உண்டு) முதலில் வருவது விசாரணை. அழைத்து வந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். அடிமை என்றால் யாருடைய அடிமை? எசமானர் கிறித்தவர் என்றால் அவருடைய அனுமதி வேண்டும். மணமானவரா? என்ன தொழில்? அதன் பிறகு மூன்று ஆண்டு மறைக்கல்வி. கருத்தாகக் கற்பவருக்குக் காலத்தைக் குறைக்கலாம், காலம் அல்ல நடத்தையே அளவு என்கிறது. ஸ்பெயினின் எல்விராவில் 300களின் தொடக்கத்தில் கூடிய சங்கம் இரண்டு ஆண்டு என்று வைத்தது. கற்பவர்கள் இறைவார்த்தை கேட்கலாம், நற்கருணைப் பகுதிக்கு முன் வெளியே போய்விட வேண்டும்.

வளர்ச்சி பற்றிப் பேசுபவர்கள் இதைத் தடை மாதிரிப் பார்க்கிறார்கள். என் கணிப்பில், வந்தவர்களைப் பிடித்து வைத்தது இதுதான். மூன்று ஆண்டு காத்திருந்து உள்ளே வந்தவர் லேசில் விடமாட்டார், கூடவே சாட்சி சொன்னவருக்கும் பொறுப்பு இருக்கிறது.

#9 தெருவோரம்

எந்தத் தொழில்களைத் தள்ளினார்கள்?

#10 மறைக்கல்வி

விபச்சார விடுதி நடத்துபவர், நடிகர், தேரோட்டி, மற்போர் வாள்வீரர், அவர்களைப் பயிற்றுவிப்பவர், சிலைக்கோயில் பூசாரி, மந்திரவாதி: விட்டால்தான் சேர்ப்போம். சிற்பியும் ஓவியரும் தெய்வ உருவம் செய்யக் கூடாது. படைவீரர் கொல்லக் கூடாது, ஆணையிட்டாலும் கூடாது. ஆனால் ஏற்கெனவே கற்பவரோ விசுவாசியோ புதிதாகப் படையில் சேர விரும்பினால் தள்ளு. பள்ளி ஆசிரியர் விஷயம்தான் சுவையானது. பாடமே பழைய தெய்வங்களின் கதை என்பதால் விடுவது நல்லது, ஆனால் வேறு தொழில் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று இறங்கி வருகிறது.

#11 பாப்பிரஸ்

மறைக்கல்வி சொன்னதற்கு எகிப்திலிருந்து ஒரு துணைச்சான்று. ஆக்சிரிங்கஸ் நகரில் மூன்றாம் நூற்றாண்டில் சோத்தாஸ் என்ற ஆயரோடு தொடர்புள்ள அறிமுகக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஹெராக்கிளியோபோலிஸ் மூப்பர்கள் அவருக்கு எழுதிய சீட்டு ஒன்றில், வரும் சகோதரியைச் சமாதானத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள், கூட வரும் ஆள் "ஆதியாகமத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்" என்று இருக்கிறது. சோத்தாஸே எழுதிய வேறொரு சீட்டில் ஒருவர் "நற்செய்தியின் தொடக்கத்தில்" கற்பவர். எந்தப் பாடம் வரை வந்திருக்கிறார் என்பதை அடுத்த ஊருக்கு எழுதி அனுப்பினார்கள். அங்கே அதிலிருந்து தொடரலாம்.

மூன்றாம் நூற்றாண்டிலேயே ஊருக்கு ஊர் ஒரே பாட வரிசை, ஒரே சீட்டு வாசகம், இவரை அனுப்பியவர் யார் என்ற பதிவு. வணிகத்துக்கு ஊர் மாறுபவருக்கு அந்நிய நகரத்தில் முதல் இரவே படுக்க இடம், சாப்பாடு. வேறு எந்த வழிபாட்டுக் குழுவிடமும் இவ்வளவு அகலமான வலை இல்லை. பவுலின் பெருஞ்சாலைப் பயணங்களை வரைபடம் போட்டுக் காட்டுகிறோம், இந்தச் சீட்டுகளை யாரும் காட்டுவதில்லை.

#12 கல்தச்சன்

எங்கே கூடினார்கள் என்பதும் வளர்ச்சியோடு ஒட்டிய விஷயம். வீட்டுச் சபை என்றால் அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. ரோமானிய விருந்தறையில் மூன்று மஞ்சம், மஞ்சத்துக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர் முற்றத்தில். 1 கொரிந்தியர் 11இல் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் திட்டுவதற்கு இந்த இட அமைப்பும் ஒரு காரணம் என்று சிலர் விளக்குகிறார்கள். எல்லா ஊரிலும் வசதியான வீடு இருந்தது என்று எண்ண வேண்டாம், பட்டறையும் மாடிக் குடியிருப்பும்கூடக் கூடுமிடம்தான்.

தோண்டி எடுத்து ஐயமில்லாமல் காட்டக்கூடிய மிகப் பழைய கூடுமிடம் யூப்ரட்டீஸ் கரையில் துரா-யூரோபோஸ். சாதாரண வீடு, சுண்ணப் பூச்சில் 232-33க்கான ஆண்டுக் கீறல் இருக்கிறது. 240 வாக்கில் மாற்றியிருக்கிறார்கள். செய்த வேலை கொஞ்சம்தான்: இரண்டு அறைக்கு நடுச்சுவரை இடித்து ஏறத்தாழ 13 மீட்டருக்கு 5 மீட்டர் கூடம், கிழக்கு முனையில் தாழ்ந்த மேடை. 65 முதல் 75 பேர் அமரலாம். இன்னொரு அறையில் திருமுழுக்குத் தொட்டி, மேலே தூண் தாங்கிய கூரை, அதன் உட்புறத்தில் நீலத்தில் விண்மீன்கள். சுவரில் நல்லாயன், நீர்மேல் நடக்கும் பேதுரு, படுக்கையைத் தூக்கிச் செல்லும் முடக்குவாதக்காரர். தெருவில் இருந்து பார்த்தால் பக்கத்து வீடுகளைப் போலத்தான் இருந்திருக்கும். 256இல் பாரசீகச் சாசானியர் முற்றுகையின்போது மதிலைப் பலப்படுத்த உள்பக்கம் மண்ணை அணைத்தார்கள், வீடு அதனடியில் புதைந்தது, அதனால் பிழைத்தது. 1930களில் தோண்டினார்கள், ஓவியங்கள் இப்போது யேல் பல்கலைக்கழகக் காட்சியகத்தில்.

இதோடு நிக்கோமீதியாவை ஒப்பிடுங்கள். 303 பிப்ரவரி 23 அன்று பேரரசர் டயோக்ளீசியனின் ஆட்கள் இடித்த தேவாலயம் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் இருந்தது. அறுபது ஆண்டில் மறைவான கூடத்திலிருந்து மன்னன் சன்னல் வரை. பேரரசர் கல்லியேனஸ் 260இல் சபையின் சொத்துகளைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து கிடைத்த நாற்பது சொச்சம் அமைதி ஆண்டுகள்தான் இதற்குக் காரணம். அந்தியோக்கியாவில் பதவி பறிக்கப்பட்ட ஆயர் சமோசாத்தா பவுல் சபைக் கட்டடத்தை விட்டு வெளியேற மறுக்க, வழக்கு 272இல் ஔரேலியன் பேரரசரிடம் போனது. இத்தாலி, ரோம் ஆயர்கள் யாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்களோ அவருக்கே கட்டடம் என்று அவர் தீர்த்தார். சட்ட ஏற்பு முழுமையாக இல்லாத மதத்தின் சொத்து வழக்கைப் பேரரசரே தீர்த்து வைக்கிறார்!

#13 ஏட்டுப்பெட்டி

அப்படியானால் மூன்றாம் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. வளர்ந்தது அமைதியில். துன்புறுத்தலின்போது என்ன ஆனது?

#14 பாப்பிரஸ்

பேரரசர் டேசியஸ் காலத்தை எடுத்துக்கொள்வோம், ஆவணம் அங்கேதான் அதிகம். 249இன் கடைசியில் அவர் இட்ட ஆணை, கிடைத்த அளவில், கிறித்தவர் என்ற பெயரையே சொல்லவில்லை. பேரரசின் குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தில் இப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன, எல்லாம் 250 ஜூன் 12க்கும் ஜூலை 14க்கும் இடைப்பட்டவை. அதில் ஒன்று முதலைக் கடவுள் பெட்டேசூகோஸின் பூசாரிப்பெண் வாங்கியது. அவரை யார் சந்தேகப்பட்டார்கள்? எல்லோரும் வாங்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

முறை இது. ஊர்க்குழுவின் முன் போய் நில். மதுவை ஊற்று, பலியிடு, பலியிறைச்சியில் கொஞ்சம் சுவை. எழுத்தர் தயாராக வைத்திருக்கும் வாசகம்: "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி ஊற்றினேன், பலியிட்டேன், சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன்." கீழே அதிகாரிகள் "நீ பலியிடக் கண்டோம்" என்று ஒப்பமிடுவார்கள், தேதி போடுவார்கள்.

கார்த்தேஜில் என்ன நடந்தது என்று அந்நகர ஆயர் சிப்ரியானே எழுதுகிறார். யாரும் இழுக்காமலே மக்கள் முண்டியடித்தார்கள். இருட்டிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். வேறு சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். ரோமில் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் இறந்தார், ஓராண்டுக்கும் மேல் இருக்கை காலி. சிப்ரியான் தலைமறைவு.

ஆக, உடனடி விளைவு பெருஞ்சரிவு. பிறகு வந்ததுதான் பெரிய குழப்பம். மறுதலிக்காமல் சிறையில் இருந்த சாட்சிகள், விழுந்தவர்களுக்கு (பலியிட்டோ சான்றிதழ் வாங்கியோ தவறியவர்களுக்கு) சபையில் மீண்டும் சேர்க்கச் சொல்லும் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சிலவற்றில் "இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்" என்று மட்டும் இருந்தது. ஒரு சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்பார்களே, பெயர் போட்டு எழுதுங்கள் என்று சிப்ரியான் முறையிடுகிறார். 251இல் கார்த்தேஜ் சங்கம் வகைப்படுத்தித் தீர்த்தது. சான்றிதழ் மட்டும் வாங்கியவரை ஆளுக்கு ஆள் விசாரித்துச் சேர்க்கலாம். உண்மையில் பலியிட்டவருக்கு நீண்ட தவம், சாகும் தறுவாயில் ஒப்புரவு. அடுத்த துன்புறுத்தல் வரும் என்ற அச்சத்தில் ஓரிரு ஆண்டுக்குள் அதையும் தளர்த்தினார்கள். இதை ஏற்காத ரோம் மூப்பர் நோவாத்தியன் தனிச்சபை கண்டார். அந்தப் பிரிவின் ஆயர் ஒருவர் 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்துக்கும் வந்திருந்தார்.

என்னைக் கேட்டால், சபையைக் காப்பாற்றியது வீரம் அல்ல, இந்தத் திரும்பி வரும் வழிதான். நோவாத்தியன் வழி வென்றிருந்தால் 250இல் விழுந்த அத்தனை பேரும் நிரந்தர இழப்பு. செத்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. 248 வாக்கில் இறையியலாளர் ஓரிகன், அதுவரை விசுவாசத்துக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலரே என்று எழுதினார். விழுந்தவர்கள்தான் பெருந்தொகை.

#15 பாளைவாசகர்

இரத்தசாட்சிகளை இவ்வளவு குறைத்துப் பேசுவது சரியல்ல. 180இல் கார்த்தேஜில் ஸ்கில்லி ஊர்க்காரர் 12 பேர். யோசிக்க 30 நாள் தருகிறேன் என்று ஆளுநர் சொன்னபோதும் வேண்டாம் என்றார்கள். 177இல் லியோனில் 90 வயது தாண்டிய பொத்தினுஸ், அடிமைப்பெண் பிளாண்டினா. இதைப் பார்த்தவர்கள் மனம் அசைந்திருக்காதா?

#16 பாப்பிரஸ்

அசைந்திருக்கும் ஐயா, இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் யுஸ்தீன் தன்னையே அதற்குச் சான்றாகச் சொல்கிறார். நான் சொல்வது எண்ணிக்கை பற்றி. ஸ்கில்லி வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெட்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஆளுநர் கேட்க, "நூல்களும், நீதிமானாகிய பவுலின் கடிதங்களும்" என்கிறார்கள். 180இலேயே ஆப்பிரிக்காவின் ஒரு சிற்றூர்வரை பவுலின் கடிதங்கள் போய்விட்டன.

#17 தெருவோரம்

கொள்ளைநோயில் கிறித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதால் அவர்களில் இறப்பு குறைந்தது, அதனால் விகிதம் கூடியது என்கிறார்களே? 250களின் நோயைச் சொல்கிறேன்.

#18 வட்டிக்கணக்கு

வாதம் அழகாக இருக்கிறது, சான்று மெலிவு. தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தாலே பலர் பிழைப்பார்கள் என்பது மருத்துவப்படி சரி. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு, நம்மவர்கள் பயமில்லாமல் பணிவிடை செய்தார்கள், புறச்சமயத்தார் சொந்த உறவையே தெருவில் தள்ளினார்கள் என்று எழுதுகிறார். ஆனால் அந்தப் பகுதியின் சாயல் ஏதென்ஸ் கொள்ளைநோய் பற்றிப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியதை ஒட்டி இருக்கிறது. தியோனீசியுவே, அப்படிப் பணிவிடை செய்த மூப்பர்களும் டீக்கன்களும் நோய் தொற்றி இறந்தார்கள் என்கிறார். கார்த்தேஜில் சிப்ரியான் ஒரு தனி நூலே எழுத வேண்டியிருந்தது, எதற்கு? நோய் நம்மையும் அவர்களையும் ஒன்றுபோல் தாக்குகிறதே என்று விசுவாசிகள் கலங்கியதால். இறப்பு விகிதத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் அந்தக் கலக்கம் ஏன்?

பணிவிடை மதிப்பைத் தேடித் தந்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன். இறப்புக் கணக்கை மாற்றியது என்பதற்கு எண் இல்லை.

#19 நெறியாளர்

நீக்கிய இரண்டு பதிவுகள் இன்றைய மதமாற்ற அரசியல் பற்றியவை. இங்கே 4ஆம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#20 கீழைக்காற்று

எல்லோரும் ரோமப் பேரரசுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். கிழக்கே என்ன நடந்தது? எடெஸ்ஸாவில் 201இல் வந்த வெள்ளத்தில் கிறித்தவர் கோயிலும் சேதமானது என்று அந்நகர்க் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்நகரத்துச் சிந்தனையாளர் பார்தைசானின் பள்ளியிலிருந்து வந்த நூல் ஒன்று, பார்த்தியா முதல் பாக்திரியா வரை கிறித்தவர் வாழ்வதைக் குறிப்பிடுகிறது. பாரசீகத்துக்குள் சபையைப் பெருக்கியதில் ஒரு பங்கு போர்க்கைதிகளுக்கு. பாரசீக மன்னர் முதலாம் ஷாபூர் 250களிலும் 260இலும் அந்தியோக்கியாப் பக்கத்து மக்களைப் பெருந்திரளாகப் பிடித்துக் கொண்டுபோய்க் குண்டிஷாபூர் போன்ற நகரங்களில் குடியமர்த்தினார். ஆயரும் மூப்பரும் கூடவே போனார்கள். அர்மேனியாவில் மூன்றாம் திரிதாத் மன்னன் கிரகோரியின் கையால் திருமுழுக்குப் பெற்றது மரபுப்படி 301, ஆய்வாளர் பலருக்கு 314 வாக்கில். அக்சும் (எத்தியோப்பியப் பகுதி) நாட்டில் ஏசானா மன்னனின் காசுகளைப் பார்த்தாலே போதும்: முதலில் பிறையும் வட்டமும், பிறகு சிலுவை.

தோமா பற்றிக் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். தோமா பணிகள் என்ற சிரியாக் நூல் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தது, அவரை குந்தபோரஸ் மன்னனிடம், அதாவது வடமேற்கு இந்தியாவுக்கு அனுப்புகிறது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாந்திரியா ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியா போனதாக யூசேபியஸ் எழுதுகிறார், ஆனால் கிரேக்கர் வாயில் இந்தியா என்பது தென் அரேபியாவாகவும் இருக்கலாம். முசிறிக்குக் கப்பல் வந்துகொண்டிருந்த காலம்தான் என்பதால் பயணம் நடக்காத காரியம் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சபை இருந்தது என்று ஐயமில்லாமல் பேசுவது ஆறாம் நூற்றாண்டு எழுத்தாளர் காஸ்மாஸ்: மிளகு விளையும் மலே நாட்டில் கிறித்தவர், தப்ரபேனில் (இலங்கையில்) பாரசீகக் கிறித்தவர், அவர்களுக்குப் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட மூப்பர். பறங்கிமலையின் பகலவி (பழைய பாரசீக) எழுத்துள்ள சிலுவைக்கல்லும் அனுராதபுரத்துச் சிலுவையும் இந்தப் பாரசீகத் தொடர்போடுதான் சேர்கின்றன. 52ஆம் ஆண்டு என்று அடித்துச் சொல்வது மரபு. அதை மரபு என்று சொல்லியே எழுதலாமே.

#21 கல்தச்சன்

சபையின் உதவிப் பணம் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. 303 மே 19 அன்று நுமிதியாவின் சிர்த்தா நகரில் சபை கூடும் வீட்டைச் சோதனையிட்ட அதிகாரிகள் எழுதிய பட்டியல் அப்படியே இருக்கிறது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடம் 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு வெண்கல விளக்கு 11. அடுத்து: பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் செருப்பு 47 சோடி, ஆண்கள் செருப்பு 13 சோடி, மேலாடை 38. வழிபாட்டுக்கு 82 பெண்கள் அங்கி எதற்கு? ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த இருப்பு என்பதே பொதுவான விளக்கம். சபையில் பெண்களே அதிகம் என்பதற்கு இதை இழுக்கிறார்கள். உதவி பெறும் பட்டியலில் கைம்பெண்கள் அதிகம் என்பதைத்தான் இது காட்டும், அதற்கு மேல் இழுத்தால் கிழியும். நூல்கள் அந்த வீட்டில் பெரும்பாலும் இல்லை. வாசகர்களின் வீடு வீடாகப் போய் வாங்கினார்கள்.

வெளியூர் உதவியும் உண்டு. 253 வாக்கில் நுமிதியாவில் கொள்ளையர் பிடித்துப்போன விசுவாசிகளை மீட்க கார்த்தேஜ் சபை 1,00,000 செஸ்டர்ஸ் திரட்டி அனுப்பியது. பேரரசர் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக உள்ள கடிதத்தில் (போலி என்பாரும் உண்டு) கலிலேயர்கள் (கிறித்தவர்கள்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள் என்று புழுங்கி, ஆண்டுக்கு 30,000 மோதி (ரோமானியத் தானிய அளவு) கோதுமை ஒதுக்குகிறார். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளிடம் ஊழியம் செய்யும் ஏழைகளுக்கு, மீதி வழிப்போக்கருக்கும் பிச்சைக்காரருக்கும்.

#22 ஏட்டுப்பெட்டி

கடைசியாக ஒன்று. நிசேயாவில் 318 ஆயர்கள் என்கிறார்களே, அதை வைத்து 325இன் பரவலை அளக்கலாமா?

#23 பாப்பிரஸ்

318ஐ விட்டுவிடுங்கள். அங்கேயே இருந்த யூசேபியஸ் 250க்கு மேல் என்கிறார், அந்தியோக்கியா ஆயர் யூஸ்தாத்தியு 270ஐ ஒட்டி, பின்னாளில் அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியு முதலில் 300 வாக்கில் என்று எழுதிப் பிந்தித்தான் 318க்கு வருகிறார். ஆதியாகமம் 14:14இல் ஆபிரகாமின் ஆட்கள் 318; எண் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

பயன்படுவது கையெழுத்துப் பட்டியல். பல மொழிப் பிரதிகளில் தப்பிய பெயர்கள் 220ஐ ஒட்டி வரும், மாகாண வாரியாக ஊர்ப்பெயரோடு. பெரும்பகுதி சின்ன ஆசியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து. மேற்கிலிருந்து கோர்தோபாவின் ஹோசியு, கார்த்தேஜின் செசிலியன், ரோம் ஆயருக்காக இரண்டு மூப்பர், இன்னும் ஓரிருவர். பயணத் தொலைவும் இதற்குக் காரணம் என்பதால் மேற்கை இதை வைத்து அளக்க வேண்டாம். சின்ன ஆசியாவுக்கு இது தங்கம்: கப்பதோக்கியா, இசௌரியா வரிசைகளில் நகர ஆயர்களுக்குக் கீழே நாட்டுப்புற ஆயர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 325இல் அங்கே சிற்றூர்களுக்கே தனி ஆயர் வைக்க வேண்டிய அளவு ஆள் இருந்தார்கள். அந்தப் பட்டியலை மாகாணம் மாகாணமாக 314இல் ஆர்லில் கூடிய சங்கத்தின் பட்டியலோடு சேர்த்து ஒரு தனி இழையில் போடுகிறேன்.